ராத்திரி கலகலப்பைக் காட்டி வீடு தள்ளிவிட்ட புரோக்கர்: வடசென்னையில் வாடகைக்குத் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

நான் மதுரைக்காரன். ராத்திரி பதினோரு மணிக்குக் கறிதோசை வாசம் இல்லாத தெருவில் எனக்குத் தூக்கம் பிடிக்காது. பாரிமுனையில் வேலை, ஷிப்ட் முடியவே பத்து மணி. அதனால் புரோக்கரிடம் முதலிலேயே சொன்னேன்: "தண்ணி வசதி சுமாரா இருந்தாலும் பரவாயில்லை, ராத்திரி நடமாட்டம் வேணும்."

அவர் வாயிலேயே வடசென்னையை அளந்து காட்டினார். பெரம்பூரில் வாடகை அதிகமாம், கொளத்தூர் குடும்பஸ்தர் ஏரியாவாம், திருவொற்றியூர் ரொம்பத் தள்ளியாம். "தண்டையார்பேட்டைதான் சார் உங்களுக்கு. மண்ணடியிலிருந்து மெட்ரோவில் மூணாவது ஸ்டேஷன். நம்ம ஏரியா தூங்கவே தூங்காது!"

ஒரு ராத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மண்ணடியில் மணி ஒன்றுக்கும் கடைகள் திறந்திருந்தன. கபாப் புகை, சமோசா, குழந்தைகளைத் தோளில் தூக்கியபடி குடும்பம் குடும்பமாக ஜனம். அசந்துவிட்டேன். திரும்பும் வழியில் இருட்டில் ஒரு கட்டடத்தைக் காட்டி, "அகஸ்தியா தியேட்டர் சார், நடந்தே போய் நைட் ஷோ பார்க்கலாம்" என்றார். மறுநாளே அட்வான்ஸ் கொடுத்தேன். புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, 14,000 ரூபாய்.

அது ரமலான் மாதம். நோன்பு நாட்களில் ஸஹர் வரை, அதாவது விடியலுக்கு முன் நோன்பு வைக்கச் சாப்பிடும் நேரம் வரை, மண்ணடி விழித்திருக்கும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பெருநாள் முடிந்த அடுத்த வாரம் ஆசையோடு போனால் அந்தத் தெருவில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. அகஸ்தியாவோ 2020லேயே மூடிய தியேட்டர்! பக்கத்துக் கடைக்காரரிடம் நைட் ஷோ எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

இதையெல்லாம் விடப் பெரிய அடி, வீட்டு ஓனர் பத்தரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார். ஒப்பந்தத்தில் அது இல்லை, புரோக்கரும் வாய் திறக்கவில்லை. பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து ஓடி வந்தாலும், நடுவில் ஒரு டீ குடித்தால் தெருவில் நிற்க வேண்டியதுதான். கமிஷனைத் திருப்பிக் கேட்டபோது, "வீடு நல்லாத்தானே இருக்கு சார், இன்னா குறை?" என்றார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

இப்போது நானே நடந்து பார்த்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். பர்மா பஜார் பக்கத்தில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகள் பிரமாதம். வாழைத்தண்டு சூப்போடு ஒரு தட்டு அடித்தால் இந்த ஊர்மேல் இருக்கும் கோபமே போய்விடும். ஆனால் அது சாயங்காலக் கூட்டம், ஷிப்ட் முடிந்து போனால் கழுவிய பாத்திரம்தான் மிச்சம். சவுகார்பேட்டை மின்ட் தெருவும் ஏறக்குறைய அப்படியே. படம் பார்க்கிற ஆள் என்றால் புரோக்கர் வேண்டாமென்று ஒதுக்கிய அதே பெரம்பூருக்குத்தான் போக வேண்டும், அங்கே மாலுக்குள் தியேட்டர் இருக்கிறது. காசிமேடு மட்டும் நிஜமாகவே தூங்காது. விடியுமுன்னே போட் வரும், ஏலச் சத்தம் காதைக் கிழிக்கும். ஆனால் அது மற்றவர்களின் பிழைப்பு, நம்முடைய பொழுதுபோக்கு இல்லை. மெட்ரோ விம்கோ நகர் வரை 2021லேயே வந்துவிட்டது என்றாலும் பதினோரு மணி வாக்கில் கடைசி ரயில் போய்விடும், அதற்குப் பிறகு ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை.

யாராவது ராத்திரியில் ஏரியா சுற்றிக் காட்டினால், நோன்போ திருவிழாவோ நடக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்குத் தனியாகப் போங்கள். கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதைக் கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம்.

பெரம்பூரில் ஒற்றை பெட்ரூம் வீடு காலியாக இருந்தால் சொல்லுங்கள். ஓனர் நேரடியாகப் பேசினால் மட்டும்.