கிரை-பேபி: சீப்பு பேசும் படம்

ஐம்பதுகளில் ராக்கபில்லி என்ற துள்ளல் ராக் இசையைக் கொண்டாடிய பையன்களைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலான படங்களில் தலையில் இருப்பது ‘விக்’ என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். ‘கிரை-பேபி’ அப்படி இல்லை. 1990ல் ஜான் வாட்டர்ஸ், தான் பிறந்த பால்டிமோர் நகரத்தை வைத்தே எடுத்த படம். கதை நடப்பது 1954ல். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் சலூன் வைத்திருக்கிறவன் நான். படத்தில் முதலில் என் கண் போவது தலைமுடிக்குத்தான், அதை மறைக்க விரும்பவில்லை.

ஊர் இளவட்டங்கள் இரண்டு கட்சி. டிரேப்ஸ் என்பவர்கள் தோல் சட்டை, மோட்டார் சைக்கிள், எண்ணெய் வழியும் தலை. ஸ்குவேர்ஸ் என்பவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், படிய வாரிய தலை. டிரேப்ஸ் கூட்டத்துத் தலைவன்தான் கிரை-பேபி. அகரவரிசைப்படி ஊரில் குண்டு வைத்து, மின்சார நாற்காலியில் செத்தவனின் மகன். அழுகை வந்தால் ஒரு கண்ணில் மட்டும் ஒரே ஒரு சொட்டு. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வரிசையில் நிற்கும்போது எதிர்க்கட்சிப் பெண் ஆலிசனோடு கண் கலக்கிறது. அதற்குமேல் கதையை நீங்களே சொல்லிவிடலாம்: காதல், பாட்டு, சண்டை, சிறுவர் சிறை, கடைசியில் கார் பந்தயம். கதைக்காகப் பார்க்கிற படம் இல்லை இது.

கிரை-பேபியாக வரும் ஜானி டெப்பின் தலையைப் பாருங்கள். இந்த கிராப்புக்குக் கத்தரி வேலை கொஞ்சம், சீப்பு வேலை நிறைய. பக்கங்களை ஒட்ட வெட்டிவிட்டால் போச்சு, நீளமாக விடவேண்டும். காதுக்கு மேலிருந்து இரண்டு பக்கமும் பின்னால் தள்ளிச் சீவி, பிடரியில் இரண்டும் சந்திக்கிற இடத்தில் சீப்பின் ஓரப் பல்லால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு நேராக விழுந்தால்தான் அது ‘டக்டெயில்’, அதாவது வாத்து வால் கிராப்பு. முன்னால் தூக்கிவிட்டு, ஒரு சுருளை மட்டும் நெற்றியில் விழவிடுவது. பிரில்கிரீம் என்ற தலைக் கிரீமில் தண்ணீர் கலந்திருக்கும், வெயிலில் சீக்கிரம் தொய்யும். மெழுகு சேர்ந்த பொமேட் போட்டால் ராத்திரி வரை நிற்கும், ஆனால் தலையணை உறை நாசம். படத்தில் பளபளப்பு சரியாக இருக்கிறது, சுருள் சரியாக இருக்கிறது. இதே வருஷம்தான் டெப் கைக்குப் பதில் கத்தரிகளோடு இன்னொரு படத்திலும் நடித்தார். எங்கள் தொழிலுக்கு நல்ல வருஷம்.

என் அப்பாவின் கடை டர்பன் விக்டோரியா தெருப் பக்கம் இருந்தது. ஐம்பதுகளில் இந்த நாட்டில் டக்டெயில் என்று பெயரெடுத்த வெள்ளைக்காரப் பையன்கள் இதே தலையோடு, காலை ஒட்டிய ஜீன்ஸோடு, மோட்டார் சைக்கிளில் கூட்டமாகத் திரிந்தார்கள். அடிதடிக்குப் பேர்போனவர்கள். கறுப்பரோ நம்மவரோ தனியாக மாட்டினால் விடமாட்டார்கள். ராத்திரி மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கடைக் கதவைப் பாதி இழுத்துவிடுவோம் என்று அப்பா சொல்வார். அதே வாரம் நம் பையன்கள் அவலான் தியேட்டரில் ஒரு பயாஸ்கோப் பார்த்துவிட்டு வந்து, “அண்ணே, பின்னால் அந்தக் கோடு போட்டுவிடுங்க” என்று உட்காருவார்களாம். அப்பா போட்டுவிடுவார். வீட்டுக்குப் போனால் அடி நிச்சயம் என்று தெரிந்தே காசு கொடுத்து வெட்டிக்கொண்ட பையன்கள் அவர்கள்.

அதனால்தான் இந்தப் படத்தின் கணக்கு எனக்கு முழுசாக ஒத்துவரவில்லை. வாட்டர்ஸின் ஊரில் எண்ணெய்த் தலை என்றால் ஏழை, நல்லவன். படிய வாரிய தலை என்றால் வசதியானவன், கயவன். எங்கள் ஊரில் அடித்தவன் தலையும் அடிபட்டவன் தலையும் ஒன்றாகவே இருந்தது. இன்னொன்று: 1954 என்றால் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வருஷம். அந்த வருஷத்தில், அதுவும் ஒரு பள்ளிக்கூடத்தில் கதையைத் தொடங்கிவிட்டு, நிறம் என்கிற விஷயத்தை இந்தப் படம் தொடாமலே போகிறது. 1988ல் வந்த தன் ‘ஹேர்ஸ்ப்ரே’ படத்தில் இதே மனிதர் அதைத்தான் நடுவில் வைத்தார். அவரால் முடியாதது இல்லை. எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் வீடு இழந்து சாட்ஸ்வர்த்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு அந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது.

ஆனால் ஓர் இடத்தில் படம் சொல்லாமல் சொல்கிறது. ஸ்குவேர்ஸ் பையன்கள் மேடையேறி ‘ஷ்-பூம்’ பாடுவார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸில் தி கார்ட்ஸ் என்ற கறுப்பர் குழு 1954ல் பாடிய பாட்டு அது. சில மாதத்துக்குள் வெள்ளையர் குழு ஒன்று அதையே பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனது. அந்தக் குழுவின் பெயர் தி க்ரூ-கட்ஸ், அதாவது ஒட்ட வெட்டிய கிராப்பு! இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால், அந்தப் பையன்கள் எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு உயிரில்லாமல் பாடுகிறார்கள் என்பது உறைக்கும். பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, விற்பனைக்கு வந்த தன் முதல் இசைத்தட்டை மெம்பிஸில் பதிவுசெய்ததும் அதே வருஷம் ஜூலையில்தான். அதுவும் ஆர்தர் குரூடப் என்ற கறுப்பர் முன்பே பாடியிருந்த பாட்டு.

நடிகர்களில் என் மனம் கிம் மெக்கயரிடம் போய்விட்டது. ஹாட்செட்-ஃபேஸ் என்ற பெண்ணாக வருகிறார். கோணல் முகம், கோரமான ஒப்பனை. ஆனால் அவரைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்லி படம் கேட்பதே இல்லை. தன் முகத்தைக் கொண்டாடிக்கொண்டு நடக்கிறார், அவரைக் காதலிக்க ஒருவன் இருக்கிறான். ரிக்கி லேக், மாமாவாக வரும் பாடகர் இக்கி பாப், சிறைக்காவலராக ஒரே காட்சியில் வில்லெம் டஃபோ, எல்லோரும் சந்தோஷமாக நடித்திருக்கிறார்கள். டெப்புக்குப் பாட்டுக் குரல் ஜேம்ஸ் இன்ட்வெல்ட், ஆலிசனாக வரும் ஏமி லொக்கேனுக்கு ரேச்சல் ஸ்வீட். பின்னணிக் குரலிலேயே வளர்ந்த நமக்கு அதில் குறை ஒன்றும் தோன்றாது, வாயசைப்பும் நன்றாகப் பொருந்துகிறது. சிறைக்கு வெளியே நின்று ஆலிசன் பாடும் பாட்டு படத்திலேயே உச்சம். அதற்கு அப்புறம் வரும் பகுதி அவசரமாக ஓடுகிறது, கார் பந்தயம் எனக்குச் சுமார்தான்.

ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கினபிறகு போடுங்கள், முத்தக் காட்சிகளில் வாட்டர்ஸ் கொஞ்சமும் கூச்சப்படுவதில்லை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்தே பாருங்கள். கைப்பேசியில் மட்டும் வேண்டாம். ராக்கபில்லியில் நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய பேஸ் வாத்தியத்தின் நரம்பை இழுத்து விட்டு அறைவார்கள், அந்த ‘டக் டக்’ சின்ன ஸ்பீக்கரில் கேட்காது.