கோர்ட் பக்கத்து டைப்பிங் கடை, 5க்கு 4 ஸ்டார்

நாகர்கோவில்ல வக்கீலா தனியா ஆபீஸ் போட்டு எட்டு மாசம் ஆச்சு. நல்ல லேப்டாப்பா வாங்கு, நல்ல மேசையா வாங்குன்னு ஆளாளுக்கு சொன்னாங்க, நல்ல டைப்பிங் கடையா பாத்து பிடிச்சுக்கோன்னு ஒருத்தரும் சொல்லல, அதான் இத எழுதுதேன். கடைக்கு பேரு கிடையாது, போர்டுல ஜெராக்ஸ் தட்டச்சுன்னு மட்டும்தான் இருக்கும், சந்துக்குள்ள ரெண்டு சிஸ்டம், ஒரு இன்வெர்ட்டர், ஒரு அக்கா, அவங்களுக்க தங்கச்சி மகன், அவ்ளோதான்.

திருநெல்வேலி லா காலேஜ் முடிச்சு, சென்னையில என்ரோல் பண்ணி, பார் எக்ஸாமும் எழுதி பாஸாகி, அஞ்சு வருஷம் ஒரு சீனியர்ட்ட ஜூனியரா கெடந்தேன். 2024ல ஹைகோர்ட் ஜூனியருக்கு மாசம் 15,000, சென்னை மதுரை கோவைன்னா 20,000 கொடுக்கணும்னு சொல்லிச்சுல்லா, அதுக்கப்புறமும் எனக்கு கெடச்சது பஸ் காசும் தீபாவளிக்கு ஒரு சேலையும், அது வேற கத. இந்தக் கடைக்கு அப்பவே போவேன், ஆனா சீனியருக்க கணக்குல. தனியா போன முத நாளு அக்கா பற்று நோட்ட எடுத்து, சீனியர் பக்கத்த தாண்டி புதுசா ஒரு பக்கம் திருப்பி, எனக்க பேர எழுதி அடியில ஸ்கேல் வச்சு கோடு போட்டாங்க. "பக்கம் முப்பது ரூவா, மாசக் கடைசில தந்தா போதும் மக்ளே"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள கவனிக்கப் போயாச்சு. முத மூணு மாசம் எனக்கு மொத்தமே ரெண்டு வக்காலத்து, அதாவது ரெண்டு கேஸ், அந்த நோட்டு மட்டும் இல்லன்னா திரும்ப சீனியர் ஆபீஸ் படிதான் ஏறியிருக்கணும்.

வேலையப் பத்தி சொல்லணும்னா, 2024 ஜூலை 1ல புது கிரிமினல் சட்டம் வந்த வாரம் கோர்ட் வளாகமே குழம்பிக் கெடந்துது. பழைய சட்டத்துல பிரிவு 482ன்னா எஃப்ஐஆர ரத்து பண்ணச் சொல்லி ஹைகோர்ட் போறது, புதுசுல பிரிவு 482ன்னா முன் ஜாமீன், பழைய முன் ஜாமீன் 438. அக்கா ஒரு காலண்டர் தாளக் கிழிச்சு பின்பக்கம் "438 = 482, 439 = 483, 482 = 528"ன்னு ஸ்கெட்ச்ல எழுதி மானிட்டர் மேல ஒட்டிட்டாங்க, இன்னும் அங்கதான் இருக்கு, சீனியர் வக்கீல்களே எட்டிப் பாத்துட்டு போவாங்க.

இன்னொண்ணு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குன்னே உள்ளது. 1956 நவம்பர் 1 வர நாம திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு இருந்த ஆளுங்க, அதனால சொத்து கேஸுன்னு வந்தா பாதி பேரு தாத்தா காலத்து மலையாளப் பிரமாணத்த, அதாவது பத்திரத்த, பிளாஸ்டிக் கவர்ல போட்டு தூக்கிட்டு வருவாங்க. எனக்கு வந்த முத சொத்து கேஸ்ல ஆண்டு 1108ன்னு இருக்கு, குலோத்துங்க சோழன் காலமான்னு நான் முழிச்சுட்டு நிக்கேன், அக்கா கண்ணாடிய ஏத்திட்டு "கொல்லம் ஆண்டுல்லா, மலையாள வருஷம், மகர மாசம் போட்டிருக்கு, 825 கூட்டு, 1933"ன்னு டைப் பண்ணிட்டே சொல்லுதாங்க. கோர்ட்ல போட மொழிபெயர்ப்புக்கு தனியா ஆள் பாக்கணும்தான், ஆனா கேஸ எடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அக்கா வாசிச்சு சொல்லுததே போதும்.

காதுகுத்துக்கே ஃபிளெக்ஸ் வைக்கிற ஊரு இது, ஆனா வக்கீல் விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல், பேர்ப் பலகையே அளவாத்தான் வைக்கணும். அதுக்காக ஆள் பிடிச்சுத் தந்து கமிஷன் வாங்குறவங்களும் இருக்காங்க. அக்கா அந்தப் பக்கமே போக மாட்டாங்க, "நல்ல வக்கீல் யாரு"ன்னு கேட்டா "உள்ள போய் விசாரிங்க"ன்னு முடிச்சிருவாங்க. அதே அக்கா, தனியா இருந்தா மக்ளேன்னு கூப்பிடுறவங்க, நான் எனக்க கேஸ் கட்சிக்காரரோட போனா எந்திரிச்சு நின்னு "வாங்க மேடம்"ன்னு சொல்லுவாங்க. முத தடவ எனக்கு பின்னால யாரும் வாறாங்களான்னு திரும்பிப் பாத்தேன்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, அக்காவுக்க தங்கச்சி மகன் பழைய ஃபைல்ல பேர மாத்தித்தான் புதுசு அடிப்பான். எனக்க செக் கேஸ் ஒண்ணுல நாலாவது பாராவுல வேற யாருக்கோ உள்ள பேரு அப்படியே நின்னு, மனு கோர்ட்ல இருந்து ரிட்டர்ன் ஆகி வந்துட்டு. வாசிக்காம கையெழுத்து போட்டது எனக்க தப்புதான், ஆனாலும். பழைய தமிழ் ஃபைல் எல்லாம் வானவில்ங்கிற பழைய ஃபாண்ட்ல இருக்கதால, அந்த ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்துல தொறந்தா எழுத்தெல்லாம் கண்டபடி வரும், பிடிஎஃப்பா கேட்டு வாங்கிடுங்க. திங்கக்கிழம காலைல போகவே போகாதீங்க. மத்தியானம் ஒண்ணரைக்கு ஷட்டர் பாதி இறங்கிரும், குனிஞ்சு "அக்கா"ன்னு கூப்பிட்டா, சாப்பிட்டுட்டு இருந்தாலும் வக்காலத்து ஃபாரம் மட்டும் எடுத்துத் தருவாங்க.