ஆஃபாவின் மண்கரையா, ஆன்டொனைன் மதிலா?

பிரிட்டனில் பழைய மண் எல்லை ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இந்த இரண்டில் எங்கே போவது?

ஸ்காட்லாந்தின் ஆன்டொனைன் மதிலை கி.பி. 142 வாக்கில் ரோமானியர் எழுப்பத் தொடங்கினார்கள். கல் அடித்தளத்தின் மேல் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி, முன்னால் ஆழமான அகழி வெட்டியிருக்கிறார்கள். நீளம் சுமார் 60 கிலோமீட்டர். எந்தப் படைப்பிரிவு எவ்வளவு தூரம் கட்டியது என்று கல்லில் செதுக்கியும் வைத்தார்கள். ஆனால் சுமார் இருபது ஆண்டிலேயே கைவிட்டுத் தெற்கே போய்விட்டார்கள். 2008 முதல் இது உலகப் பாரம்பரியச் சின்னம்.

இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையில் இருக்கும் ஆஃபாவின் கரையில் ஒரு கல்வெட்டுகூட இல்லை. மெர்சியா என்ற பழைய ஆங்கிலேய அரசின் மன்னர் ஆஃபா (ஆட்சி 757–796) கடலுக்குக் கடல் கட்டுவித்தார் என்று அஸர் என்ற துறவி எழுதியது 893இல், அதாவது மன்னர் இறந்து கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து. பாதுகாப்புக்கா, அதிகாரத்தைக் காட்டவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அகழி மேற்குப் பக்கம், வேல்ஸைப் பார்த்தபடி இருக்கிறது. கரைமேல் நின்றால் யாரை நோக்கிக் கட்டினார்கள் என்பது கண்ணுக்கே புரியும். சில இடங்களில் அகழியோடு சேர்த்து அகலம் 20 மீட்டர். அதனால் என் தேர்வு ஆஃபாதான்.

1971இல் திறந்த 285 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. கரைமேல் ஏறாமல் பாதையிலேயே நடங்கள். காலடி பட்டுப் பட்டே மண் சரிகிறது.