மலை ரயிலைக் காப்பது யார் வேலை? கொங்கண் வழியும் ஆர்ல்பெர்க் வழியும்

ஒவ்வோர் ஐப்பசியிலும் ஊட்டி மலை ரயில் 'மண்சரிவால் ரத்து' என்று செய்தி வரும். 2009 நவம்பர் மழையில் பாதை பல இடங்களில் பெயர்ந்து, பல மாதங்கள் ரயில் ஓடவில்லை. இதைத் தடுக்க இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று, ரயில்வேயே தன் பாதையைக் காத்துக்கொள்வது. மற்றது, மலையில் இருக்கும் எல்லோரோடும் சேர்ந்து காப்பது.

முதல் வழிக்கு, இந்தியாவின் மேற்குக் கடற்கரையோரம் ஓடும் கொங்கண் ரயில்வே நல்ல உதாரணம். 2003 ஜூனில் மகாராஷ்டிரத்தின் வைபவ்வாடி அருகே பாறை சரிந்து ரயில் தடம்புரண்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சரிவுகளைச் சாய்த்து வெட்டினார்கள், பாறைகளுக்கு வலை போட்டார்கள். மழைக்காலத்துக்குத் தனிக் கால அட்டவணை, குறைந்த வேகம், இரவுபகலாக ரோந்து என்று எல்லாம் உண்டு. இது பலன் தருவதற்குக் காரணம், அங்கே ஆபத்தின் பெரும்பகுதி பாதை போட ரயில்வே தானே மலையைக் குடைந்த வெட்டுகளில் இருப்பது. தன் இடத்துச் சிக்கலைத் தானே தீர்த்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாம் வழிக்கு உதாரணம், ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலையில் செல்லும் ஆர்ல்பெர்க் ரயில் பாதை. அங்கே ஆபத்து தண்டவாளத்துக்கு மிக உயரத்தில், பனிச்சரிவாகவும் காட்டாறாகவும் பிறக்கிறது. 1995 ஆகஸ்டில் பிராட்ஸ் அருகே ஓர் ஓடை சேறும் கல்லுமாகப் பாய்ந்து பாலத்தையே அடித்துப்போக, அங்கு வந்த ரயிலில் மூவர் இறந்தார்கள். பாலத்தை எவ்வளவு பலமாகக் கட்டினாலும் ஓடையின் தலைப்பகுதி ரயில்வேயின் கையில் இல்லையே! அதனால்தான் 1884-இல் தொடங்கிய அரசின் காட்டாறு, பனிச்சரிவுத் தடுப்புத் துறையோடு ரயில்வே சேர்ந்து வேலை செய்கிறது. தடுப்பணைகளின் செலவை மத்திய அரசும் மாநிலமும் பலன் பெறுவோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பாதைக்கு மேலே காடு வளர்ப்பதும், தனியார் வானிலை நிறுவனத்தோடு சேர்ந்து எச்சரிக்கை தருவதும் இதில் அடக்கம். குறை இல்லாமல் இல்லை: பேச்சும் ஒப்புதலும் இழுக்கும், ஒரு காடு வளர்ந்து நிற்க ஒரு தலைமுறை ஆகும்.

சரி, நீலகிரிக்கு எது? வெட்டுகளைப் பொறுத்தவரை கொங்கண் வழி வேண்டும். ரோந்தும் மழையளவு பார்த்து ரயிலை நிறுத்துவதும் இன்றைக்கே தேவை. ஆனால் 46 கி.மீ. பாதையில் 250 பாலங்கள் இருக்கின்றன. அவற்றின் கீழ் வரும் தண்ணீர் காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் சாலையிலும் வீட்டு மனைகளிலும் விழுந்து வருவது. அதைத் தடுப்புச் சுவர் மட்டும் தாங்காது. தனியாகச் சுவர் எழுப்புவதன் விளைவையும் பார்த்துவிட்டோம். 2022-இல் பாதையோரச் சுவர் ஒன்று யானைக் கூட்டத்தின் வழியை மறித்து, அந்தக் காணொளி பரவியதும் இடிக்க வேண்டியதாயிற்று. வனத்துறையோடு முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த யானைகள் அப்படித் தவித்திருக்காது.

எனவே என் ஓட்டு ஆர்ல்பெர்க் பக்கம். அதற்குப் பெரிய ஒப்பந்தம் எதுவும் முதலில் வேண்டாம். ஒவ்வொரு பாலத்துக்கும் மேலே உள்ள நிலம் யாருடையது, ஓடையை யார் தூர்வார வேண்டும் என்று ஒரு பட்டியல் போதும். ரயில்வே, வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை, தோட்டக்காரர்கள், பஞ்சாயத்துகள் எல்லோரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, புரட்டாசிக்குள் ஒருமுறை சேர்ந்தே பாதை நெடுக நடந்து பார்க்கட்டும்.