ஞாயிற்றுக்கிழமைக் கண் டாக்டரும் அப்பாவின் இடக்கண்ணும்

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருகிறவர்கள் அப்படியே கண்ணையும் காட்டிவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறைக்கு வாரம் ஒருமுறை கீழேயிருந்து மருத்துவர் வருகிறார். பெயர் வேண்டாம். ‘30 ஆண்டு அனுபவம்’ என்ற பலகையை நம்பித்தான் அப்பாவை அழைத்துப்போனேன்.

பூம்பாறையில் எங்களுக்குப் பூண்டு விவசாயம். அப்பாவுக்கு 61 வயது. இடப்பக்கம் வைத்த தேநீர் டம்ளரைக் கை தட்டிவிடும். வரப்பில் கால் தவறும். கண்ணும் அடிக்கடி சிவந்து உறுத்தும். எல்லாவற்றையும் சொன்னேன். உதவியாளர் அப்பாவின் முகவாயை இயந்திரத்தில் வைக்கச் சொல்லி ஒரு சீட்டை எடுத்தார். மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, "வயதானால் இப்படித்தான் ஐயா, புரை ஆரம்பித்திருக்கிறது" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டணம் 400 ரூபாய். முன்கடையில் கண்ணாடி 7,400 ரூபாய். சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து, "தீர்ந்தால் வாங்கி விடுங்கள்" என்ற வாய்மொழியோடு. நான்கு மாதம் விட்டோம். பூண்டுக் கை படக்கூடாதென்று அப்பா சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அந்தக் கண்ணாடியைத் தொடுவார்.

இடக்கண் மங்கிக்கொண்டே போனதால் மதுரைக்குப் போனோம். மரத்துப்போகும் சொட்டு விட்டுக் கண் அழுத்தம் பார்த்தார்கள்; ஒரு நிமிட வேலை. 34 காட்டியது. பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது. பிறகு கண் பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டு, காத்திருக்கவைத்து, பார்வை நரம்பைப் பார்த்தார்கள். கண் நீர் அழுத்த நோய், அதாவது க்ளாக்கோமா. புரையென்றால் அறுவை செய்து பார்வையை மீட்கலாம். இதில் போனது போனதுதான்; மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து.

பையிலிருந்த பழைய சொட்டு மருந்தை வாங்கிப் பார்த்த மருத்துவர், "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் விட்டால் சிலருக்கு அழுத்தம் ஏறும். இடையில் யாரும் அளந்து பார்க்கவில்லையா?" என்று கேட்டார். பழைய சீட்டை நீட்டினேன். பவரைத் தவிர அதில் ஓர் எண்ணும் இல்லை.

திரும்பி வந்து கடையில் கேட்டேன். "கண்ணாடி பவர் சரியாகத்தானே இருக்கிறது?" என்றார்கள். சரியாகத்தான் இருக்கிறது, மதுரையிலும் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். வயிற்றெரிச்சலே அதுதான்.

நாற்பது தாண்டியவர்களை எந்தக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனாலும், கண் அழுத்தம் எவ்வளவு, நரம்பைப் பார்த்தீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சிவப்புக்குக் கொடுத்த சொட்டு மருந்தை எத்தனை நாள் விடுவது என்றும் கேளுங்கள்.

கூடப்பிறந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம் என்றார்கள். போன வாரம் சித்தப்பாவை மதுரைக்கு அழைத்துப்போனேன். வலக்கண்ணில் 26. அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம்தான் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருக்கிறார்.