போன் ஹாட்ஸ்பாட், ஏர்ஃபைபர், தெரு ஃபைபர்: புது லேப்டாப்புக்கு எது?

மகளின் கல்லூரிப் படிப்புக்கு லேப்டாப் வாங்கினோம். எந்த மாடல் என்று முடிவு செய்வது சுலபமாகவே இருந்தது. வீட்டில் அதற்கு இணையம் எந்த வழியாகக் கொடுப்பது என்பதில்தான் யோசிக்க நிறைய இருந்தது. நாங்கள் இருப்பது தென்காசிப் பக்கம். மூன்று வழிகள் இருந்தன: ஏற்கெனவே கையில் இருக்கும் போனின் ஹாட்ஸ்பாட், மொட்டை மாடியில் பெட்டி மாட்டி 5ஜி சிக்னலைப் பிடித்துத் தரும் ஏர்ஃபைபர், எங்கள் தெருவில் கேபிள் டிவி நடத்துபவர் மூலம் வரும் ஃபைபர் லைன். நாங்கள் எடுத்தது மூன்றாவது. இன்னொரு முறை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் வேகமும் இல்லை, விலையும் இல்லை.

அந்த இரண்டையும் முதலிலேயே முடித்துவிடலாம். ஆன்லைன் வகுப்பு, யூடியூப், அசைன்மென்ட் ஏற்றுவது, வீட்டில் இன்னும் இரண்டு போன்கள் என்றால் 30 எம்பிபிஎஸ் தாராளம். 100, 300 என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பெரிய டிவியில் படம் பார்க்கிற வீட்டுக்கு. ஃபைபர் லைன் மாதம் 400, 500 ரூபாயில் தொடங்குகிறது, ஏர்ஃபைபர் 599இல். இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனியாகச் செலவே இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஹாட்ஸ்பாட்டை நான் மட்டமாகப் பேச மாட்டேன். பெட்டியைப் பிரிக்கிற அன்றைக்கு அதைப்போல உதவுவது வேறு எதுவும் இல்லை. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் முதல் செட்டப்பிலேயே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். ஃபைபர்காரர் வருவதற்குள் லேப்டாப் வந்துவிட்டால் போன்தான் கதி. சில லேப்டாப்களில் அந்தத் திரையில் வைஃபை பட்டியலே காலியாக இருக்கும், உள்ளே வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவர் இன்னும் ஏறியிருக்காது. அப்போது ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே இருக்கும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும், பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும். கேபிள் மட்டும் டேட்டா போகிற கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவு கேபிளில் இது நடக்காது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். டெஸ்க்டாப் திரை வந்த நிமிடத்திலிருந்து விண்டோஸ் அப்டேட், லேப்டாப் கம்பெனியின் டிரைவர்கள், ஆஃபீஸ், பிரௌசர் என்று ஜிபி கணக்கில் இறங்கத் தொடங்கும். இன்னொரு பக்கம் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் நம் ஃபோட்டோக்களையும் ஃபைல்களையும் மேலே ஏற்றத் தொடங்கும். நம் ப்ரீபெய்டு திட்டங்களில் பெரும்பாலானவை நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி. அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 1 ஜிபி இறங்க ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். 30 எம்பிபிஎஸ் லைனில் அதே 1 ஜிபிக்கு நாலரை நிமிடம். ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால், செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் அந்த வைஃபையை மீட்டர்ட் கனெக்‌ஷன் என்று குறித்துவிடுங்கள். டேட்டாவுக்கு அளவு உண்டு என்று விண்டோஸுக்குச் சொல்வதுதான் அது. பெரிய அப்டேட்கள் காத்திருக்கும், டேட்டா தப்பிக்கும். ஆனால் பாதுகாப்பு அப்டேட்களை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது நல்லதில்லை.

5ஜியில் அன்லிமிடெட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு பெரும்பாலும் நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான் அது. போனும் 5ஜி போனாக இருக்க வேண்டும், வீட்டுக்குள் 5ஜி சிக்னலும் நிற்க வேண்டும். எல்லாம் அமைந்தாலும், போன்காரர் கடைக்குக் கிளம்பினால் நெட்டும் கூடவே கிளம்பிவிடும். படிக்கிற பிள்ளைக்கு அது சரிப்படாது.

ஏர்ஃபைபர் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் தம்பி குடியிருக்கும் வாடகை வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன், போகும்போதெல்லாம் பயன்படுத்தியும் இருக்கிறேன். சொந்தமாக வைத்து ஒரு மழைக்காலம் ஓட்டிய அனுபவம் இல்லை. அங்கே பகலில் நன்றாகவே ஓடுகிறது. ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குமேல் கொஞ்சம் இழுக்கிறது. ஒரே டவரை ஊரில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்போது அது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதத்துக்கு 3300 ஜிபி வரை முழு வேகம் என்றால் ஏர்ஃபைபரில் 1000 ஜிபி. ஒரு மாணவிக்கு 1000 ஜிபியே மிச்சம்தான், அதனால் அதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். அதன் பெரிய நல்லது, தெருவில் ஒயரே கிடையாது. எங்கள் ஊர்க் காற்றை நினைத்தால் அது சாதாரண விஷயம் இல்லை. வீடு மாறும்போதும், புது இடத்தில் சிக்னல் இருந்தால், பெட்டியைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது ஃபைபருக்கு வருகிறேன். என்னை முடிவு செய்ய வைத்தது ஒரே கேள்வி: லைன் போனால் யார் வருவார், எப்போது வருவார்?

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று தென்காசிக்காரர்களுக்குத் தெரியும். போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் ஒயர் கறுப்பாக, மெல்லியதாக, அந்தரத்தில் தொங்குகிறது. எங்கள் தெருவில் அதன் இரு பக்கமும் தென்னை. ஒரு மட்டை விழுந்தால் போதும். போன சீசனில் அப்படித்தான் ஆனது, வீட்டுக்குள் ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னத் தொடங்கியது. அது மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள், ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வதில் பயன் இல்லை. எல்ஓஎஸ் அணைந்திருந்து, பான் என்ற விளக்கு நிலையாகப் பச்சையாக எரிந்தும் நெட் வரவில்லை என்றால் கோளாறு ஒயரில் இல்லை. பில் கட்டினோமா, லாகின் சரியா, மேலிடத்தில் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் ஆபரேட்டரிடம் பேசும் பேச்சு பாதியாகக் குறையும்.

போன் செய்தேன், அன்று சாயங்காலமே ஆபரேட்டரின் பையன் அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வந்துவிட்டான். அறுந்த இரண்டு முனைகளையும் உரித்து, துடைத்து, நேராக வெட்டி, மெஷினுக்குள் வைத்தான். சின்னத் திரையில் இரண்டு இழைகளும் நேருக்கு நேர் வந்து ஒட்டிக்கொள்வது தெரிந்தது. அதோடு போய்விடுவான் என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்து, பெட்டியில் செருகியிருந்த பச்சை முனையைக் கழற்றி, வந்து சேரும் ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டரில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இன்னும் மைனஸ் இருபத்தொம்பது காட்டுது. சன்னல்கிட்ட ஒயர் மடங்கிக் கெடக்கு, அதான்."

சன்னல் கம்பியை ஒட்டிக் கூர்மையாக மடங்கியிருந்த இடத்தை நிமிர்த்தி, வளைவாகச் சுற்றிக் கட்டினான். மீட்டர் மைனஸ் இருபத்தொன்றுக்கு வந்தது. வீட்டுப் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 27 டிபிஎம் (அந்த மீட்டர் காட்டும் அலகு) வரை தாங்கும், அதற்குக் கீழே போனால் இணைப்பு விட்டு விட்டு வரும். அந்த மடிப்பை அன்றைக்கு யாரும் பார்க்காமல் விட்டிருந்தால், மகள் வாரக்கணக்கில் லேப்டாப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பாள்.

முன்பு வேறு ஊரில் இருந்தபோது ஒரு பெரிய கம்பெனியின் இணைப்பு வைத்திருந்தோம். புகார் எண் உடனே எஸ்எம்எஸ்ஸில் வரும். ஆள் வருவதற்குள் புகார் முடிந்ததாக இன்னொரு எஸ்எம்எஸ் வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து கூப்பிட வேண்டும். தெரு ஆபரேட்டரிடம் அது நடக்காது, காலையில் டீக்கடையில் நம் முகத்தைப் பார்க்க வேண்டியவர் அவர்.

இதில் குறையும் உண்டு. எல்லாம் ஒரு ஆளை நம்பி இருக்கிறது. அவர் வீட்டில் கல்யாணம் என்றால் நம் லைன் காத்திருக்கும். எங்கள் ஆபரேட்டர் பொறுப்பானவர், அடுத்த தெருவில் இருப்பவரும் அப்படி இருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதனால் இணைப்பு வாங்கும் முன் பக்கத்து வீட்டில், போன ஆடியில் லைன் எத்தனை நாள் படுத்தது என்று கேளுங்கள். திட்டத்தின் விலையைக் கேட்பதைவிட அது முக்கியம். கூடவே இதையும் ஆபரேட்டரிடம் கேளுங்கள்: ஃபைபர் வீட்டுக்குள் வரை வருமா, இல்லை போஸ்டில் ஒரு சுவிட்ச் வைத்து அங்கிருந்து லான் ஒயரில் வருமா? இரண்டாவது வகையில் போஸ்டில் இருக்கும் சுவிட்சுக்கு மின்சாரம் வேண்டும், தெருவில் கரண்ட் போனால் நம் வீட்டு இன்வெர்ட்டரால் பயன் இல்லை. வீடு வரை ஃபைபர் என்றால் நடுவில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. ஆபரேட்டரிடம் பேக்கப்பும் வீட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட்டும் இருந்தால் போதும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில்கூட ஒரு சின்ன ரௌட்டர் யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். பெட்டியின் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து அதற்கேற்ற யுபிஎஸ்ஸாக வாங்க வேண்டும்.

பெட்டி யாருடையது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். டெபாசிட்டா, விலைக்கா? வீடு மாறினால் திரும்பக் கொடுக்க வேண்டுமா? ரசீது யார் பெயரில் வரும்? வாய்ப் பேச்சில் விட்டால் பின்னால் மனக்கசப்பு வரும்.

லைன் வந்த அன்று ராத்திரி லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, அப்டேட்களை முழுதாக ஓடவிட்டோம். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த வைஃபை பாஸ்வேர்டையும், உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினோம். பெட்டி கூடத்தில் இருக்கிறது. மகளின் அறைக்கு நடுவே பழைய காலத்துக் கனமான சுவர், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அங்கே மெலிந்துவிடுகிறது, 2.4 நன்றாகப் போகிறது. ஆன்லைன் தேர்வு இருக்கும் நாளில் லான் கேபிள் இழுத்துவிடுகிறோம். லேப்டாப்பில் லான் துளை இல்லாததால் ஒரு யுஎஸ்பி அடாப்டர் தேவைப்பட்டது.

இதற்கு நேரடிச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கடையிலேயே செட்டப் செய்து தருகிறோம் என்றால், அவர்கள் கணக்கில் செய்ய விடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும், அந்தப் பூட்டைத் திறக்கும் எண்ணான ரெக்கவரி கீ அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். ஒருநாள் திரையில் அந்தக் கீயைக் கேட்டால், அது பிள்ளையின் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், அடிக்கடி மாற்றலாகிறவர்கள் ஏர்ஃபைபரைப் பார்க்கலாம், முடிந்தால் அதே தெருவில் வைத்திருப்பவர் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குச் சோதித்துவிட்டு. மெயில் பார்க்க, வாரத்தில் சில மணி நேரம் மட்டும் லேப்டாப் திறப்பவர்களுக்கு ஹாட்ஸ்பாட்டே போதும். சொந்த வீடு, படிக்கிற பிள்ளை, தெருவில் நல்ல ஆபரேட்டர் என்று மூன்றும் இருந்தால் ஃபைபர்தான். லைன் இழுக்க ஆள் வரும்போது பக்கத்தில் நின்று, தென்னைக்கு நேர் கீழே ஒயர் போகாதபடி மாற்று வழியில் கொண்டுவரச் சொல்லுங்கள். கூடுதலாகச் சில மீட்டர் ஒயர் ஆகும், அதற்குப் பெரும்பாலும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.