காட்டெருமையை நடக்க வைக்க எங்கே படிப்பது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே அக்கா மகள் சொல்லிவிட்டாள்: "மாமா, நான் அனிமேஷன்தான் படிப்பேன்." கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு எதிரே தேயிலைத் தோட்டம். சாயங்காலமானால் காட்டெருமைகள் இறங்கிவிடும். சின்ன வயதிலிருந்தே அவள் நோட்டின் ஓரமெல்லாம் அவைதான். சரி, விசாரிப்போம் என்று கிளம்பினேன்.

முதலில் பக்கத்தில் இருப்பது. மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போனால் தனியார் டிப்ளமோ மையங்கள் உண்டு. ஒரு மையத்தில் அவளுடைய வரைபட நோட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மாடலிங்கா, ரிக்கிங்கா, வி.எஃப்.எக்ஸா?" என்று கேட்டார்கள், அப்புறம் எத்தனை தவணை என்றார்கள். ரிக்கிங் என்றால் கணினியில் செய்த உருவத்தை அசைக்க அதற்குள் எலும்புக்கூடு மாதிரி ஒன்றைப் பொருத்துவது; பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஒன்று சொல்ல வேண்டும், இங்கே படித்தால் வேலை சீக்கிரம் கிடைக்கலாம். பெரும்பாலும் அது ரோட்டோ வேலையாக இருக்கும்: நடிகரின் உருவத்தை ஒவ்வொரு பிரேமிலும், அதாவது படத்தின் ஒவ்வொரு தனிப் படத்திலும், ஓரம் பிடித்து வெட்டுவது. ஒரு வினாடிக்கு 24 பிரேம். குடும்பத்துக்கு உடனே சம்பளம் வேண்டும் என்றால் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரையத் தெரிந்த கை அதிலேயே மரத்துப்போகும்.

அனிமேஷனை இப்படி மாடலிங், ரிக்கிங் என்று கூறுபோட்டுக் கற்றுக்கொடுப்பது பிறகு வந்தது. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956-ல் பம்பாயில் அரசின் படப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர், இந்திய அனிமேஷனின் தந்தை என்று சொல்லப்படும் ராம் மோகன். கோர்ஸ், மாட்யூல் எதுவும் இல்லை, படம் எடுத்துக்கொண்டே படித்தார்கள்.

அந்த மாதிரிக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருப்பது சென்னை தரமணி. எம்.ஜி.ஆர். பெயரில் உள்ள அரசுத் திரைப்படக் கல்லூரியில் அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் நான்கு வருடப் பட்டப்படிப்பு. ஒளிப்பதிவு, எடிட்டிங், இயக்கம் படிப்பவர்களும் அதே வளாகத்தில் இருப்பார்கள், டீக்கடையில் பேசியே பாதி கற்றுக்கொள்ளலாம். அரசுக் கட்டணம். இடங்கள்தான் குறைவு. சென்னை வெயிலை மலைப் பிள்ளை தாங்குவாளா என்பது அக்காவின் கவலை, என்னுடையது இல்லை.

அடுத்தது அகமதாபாத் என்.ஐ.டி., தேசிய வடிவமைப்பு நிறுவனம்; 1961-ல் தொடங்கியது. அனிமேஷனுக்கு நம் நாட்டில் அதற்கு நிகராகச் சொல்ல எனக்கு அதிகம் தோன்றவில்லை. நுழைவுத் தேர்வு இரண்டு கட்டம், ப்ளஸ் டூ மார்க்கைவிடக் கையும் கண்ணும்தான் அங்கே பேசும். முதல் வருடம் எல்லாருக்கும் பொதுவான அடித்தளப் பாடம், அனிமேஷன் அப்புறம்தான். எனக்குப் பிடித்தது இதுவே. செலவு லட்சங்களில் போகும்.

நான்காவது வழி வீட்டிலேயே இருக்கிறது. கணினியில் அனிமேஷன் செய்ய உதவும் பிளெண்டர் 2002-லிருந்து திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. 2025-ல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' அனிமேஷன் படம் அதில் செய்ததுதான். ஆனால் மழைக்காலத்தில் இங்கே கரண்ட் அடிக்கடி போய்விடும். பத்து வினாடிக் காட்சி என்றால் 240 பிரேம், கணினி அதை ரெண்டர் செய்ய, அதாவது முழுப் படமாக்கித் தர, பிரேமுக்கு மூன்று நிமிடம் என்றாலும் பன்னிரண்டு மணி நேரம். ஒருமுறை அவள் நேரடியாக வீடியோவாக ரெண்டர் போட்டு, விடியற்காலையில் கரண்ட் போய், மொத்தமும் பாழானது. இப்போது படம் படமாகச் சேமிக்கிறாள், விட்ட பிரேமிலிருந்து தொடரலாம். குறை என்னவென்றால், தப்பைச் சொல்ல ஆள் இல்லை.

அதனால் என் முடிவு: இந்த வருடம் வீட்டில் பிளெண்டரும் பென்சிலும், கூடவே என்.ஐ.டி. தேர்வு. கிடைக்காவிட்டால் தரமணி. டிப்ளமோ கடைசியில்தான். அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வருடம் வீணாம்.

போன வாரம் அவளுடைய எருமை முதல்முறையாக நடந்தது. நடந்தது என்பதைவிட வழுக்கியது. நேற்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நிஜ எருமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, கால் ஊன்றுகிற பக்கம் தோள்பட்டை மேலே துருத்துது பாருங்க" என்றாள். இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், நான் கவனித்ததே இல்லை.